சங்ககிரியிலிருந்து ஒரு கடிதம்



போன மாதம் சங்ககிரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து நம் இதழுக்கு ஒரு கடிதம் வந்தது. கோடு போட்ட நோட்டுத் தாளில் இரண்டு பக்கமும் நெருக்கி நெருக்கி எழுதியிருந்தார் ஒரு சகோதரி. அவருடைய கணவர் லாரி ஓட்டுநர். 22 வருஷமாக வடக்கே லோடு ஏற்றிப் போய்வருகிறார். மாதத்தில் நாலைந்து நாள்தான் வீட்டில் இருப்பாராம். “எழுத்தாளர்கள் காரில் பத்து நாள் ஊர் சுற்றிவிட்டு வந்தால் ஒரு நாவல் எழுதிவிடுகிறார்கள். எங்க வீட்டுக்காரர் ரோட்டிலேயே பாதி ஆயுசைக் கழித்துவிட்டார். அவருக்கு ஏன் ஒரு கதைகூட வரவில்லை?” என்று கேட்டிருந்தார்.

அடுத்த பத்தியிலேயே வேறொன்றும் எழுதியிருந்தார். நாக்பூரைத் தாண்டி ஒரு தாபா இருக்கிறதாம். அங்கே ரொட்டி சுடும் அம்மாவுக்குத் தமிழில் தெரிந்த ஒரே வார்த்தை “சாப்டாச்சா”. நம் ஓட்டுநர்கள் பேசிக் கேட்டு, அதுதான் தமிழில் வணக்கம் சொல்லும் வார்த்தை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். லாரி வந்து நின்றாலும் “சாப்டாச்சா”, காசு கொடுத்துவிட்டுக் கிளம்பினாலும் “சாப்டாச்சா”. போன வருஷம் அந்த அம்மாவின் வீட்டுக்காரர் இறந்துபோனார். அது தெரியாமல் நம் ஓட்டுநர் போய் இறங்கியபோது, அழுத முகத்தோடு எழுந்து வந்து அதே வார்த்தையைத்தான் சொன்னாராம். “இதைச் சொல்லிவிட்டு இவர் ரொம்ப நேரம் பேசவே இல்லை” என்று எழுதியிருந்தார் சகோதரி.

கதை வரவில்லை என்று எழுதிய அதே தாளில் கதை இருக்கிறது. படித்துவிட்டு நானும் ரொம்ப நேரம் பேசவில்லை. ஒரு மாதமாக அந்தக் கடிதம் என் மேஜையில்தான் கிடக்கிறது. பயணச் சிறப்பிதழுக்கு என்ன எழுதுவது என்று யோசிக்கும்போதெல்லாம் கண் அதன் மேல்தான் போய் நின்றது. அதற்குப் பதில் எழுதுவதையே இந்த இதழின் ஆசிரியர் பக்கமாக வைத்துக்கொள்கிறேன்.

நெடுஞ்சாலை என்றதும் உலக இலக்கியத்தில் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் ஜான் ஸ்டைன்பெக். 1930களில் அமெரிக்காவின் ஓக்லஹோமா பக்கம் மழை பொய்த்து, புழுதிப் புயல் அடித்து, கடனில் நிலம் போய், குடும்பம் குடும்பமாக ஜனங்கள் ஓட்டை வண்டிகளில் சட்டிபானையை ஏற்றிக்கொண்டு கலிஃபோர்னியாவுக்குக் கிளம்பினார்கள். பழத்தோட்டத்தில் கூலி கிடைக்கும் என்ற நம்பிக்கை. அவர்களைப் பற்றி எழுதச் சொல்லி ‘சான் ஃபிரான்சிஸ்கோ நியூஸ்’ நாளிதழ் 1936இல் ஸ்டைன்பெக்கைக் கேட்டது. அவர் பழைய ரொட்டிக் கடை வண்டி ஒன்றை வாங்கி, அதில் போர்வையும் சமையல் சாமானும் போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

அப்படிப் போன வழியில்தான் டாம் காலின்ஸைச் சந்தித்தார். அகதிகளாக வந்த தொழிலாளர்களுக்கு அரசாங்கம் அமைத்த முகாம் ஒன்று ஆர்வின் என்ற ஊரில் இருந்தது. காலின்ஸ் அதன் மேலாளர். மேலிடத்துக்கு அவ்வப்போது அறிக்கை அனுப்புவது அவர் வேலைகளில் ஒன்று. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் போனார்கள் என்று கணக்கு எழுதி அனுப்பினால் போதும். அவரோ அந்த ஜனங்கள் என்ன சாப்பிட்டார்கள், எதற்குச் சண்டை போட்டார்கள், என்ன பாட்டுப் பாடினார்கள், எந்தச் சொல்லை எப்படி இழுத்துப் பேசினார்கள் என்பதையெல்லாம் எழுதிவைத்தார். கட்டுக்கட்டாக இருந்த அந்த அறிக்கைகளை ஸ்டைன்பெக்கிடம் கொடுத்தார். இரண்டு பேரும் அந்த வண்டியிலேயே சேர்ந்து சுற்றினார்கள். 1938 தொடக்கத்தில் வைசாலியா பக்கம் வெள்ளம் வந்து தொழிலாளர்கள் பட்டினி கிடந்தபோதும் இருவரும் போய்ச் சேற்றில் இறங்கி உதவினார்கள்.

இத்தனை பார்த்த பிறகும் நாவல் உடனே கைகூடவில்லை. கோபத்தில் அங்கதமாக ஒன்று எழுதி, சரியாக வரவில்லை என்று அழித்துப்போட்டார். பிறகு 1938இல் உட்கார்ந்து, ஐந்து மாதத்துக்குள் எழுதி முடித்ததுதான் ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’. 1939இல் வெளிவந்தது, மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. அந்த நாவலை அவர் இரண்டு பேருக்குச் சமர்ப்பணம் செய்திருக்கிறார். ஒருவர் மனைவி கேரல். இன்னொருவர் டாம் காலின்ஸ். இந்தக் கதையை வாழ்ந்தவர் என்று அவரைக் குறிப்பிட்டிருக்கிறார்.

அந்த நாவலில் ஒரு சின்ன அத்தியாயம். மனிதர்களின் கதை அங்கே நின்றுவிடுகிறது. ஓர் ஆமை நெடுஞ்சாலையைக் கடக்கிறது. அவ்வளவுதான் விஷயம். கரை ஏறமுடியாமல் ஏறி, கான்கிரீட் சாலை மேல் கால் வைக்கிறது. காரில் வரும் ஒரு பெண் அதன் மேல் ஏற்றிவிடாமல் வண்டியை ஒடித்து விலகிப் போகிறாள். பின்னால் வரும் டிரக் ஓட்டுநர் வேண்டுமென்றே அதை இடிக்கப் பார்க்கிறான். சக்கரத்தின் ஓரம் பட்டு ஆமை சுழன்று போய் மல்லாந்து விழுகிறது. மெல்ல நிமிர்கிறது. வரும்போதே அதன் ஓட்டுக்கும் காலுக்கும் நடுவே ஒரு காட்டு ஓட்ஸ் கதிர் சிக்கியிருந்தது. அந்தக் கதிரின் விதைகள் சாலையின் மறுபக்கத்தில் உதிர்கின்றன. ஆமை நகரும்போது ஓடு மண்ணை இழுத்து அந்த விதைகளை மூடிவிட்டுப் போகிறது. சாலையோரம் வண்டியை நிறுத்திக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தவர்தான் இதை எழுதியிருக்க முடியும் என்று ஒவ்வொரு முறை படிக்கும்போதும் நினைத்துக்கொள்வேன்.

விதை என்றதும் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எனக்கு அப்போது 23 வயது. திருச்சியிலிருந்து மதுரைக்கு ராத்திரி பஸ். விராலிமலையைத் தாண்டி வெகுதூரம் போனபின் பின்சக்கரம் வெடித்தது. ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. நடத்துநர் எதிரே வந்த லாரி ஒன்றில் சக்கரத்தை ஏற்றிக்கொண்டு பஞ்சர் கடை தேடிப் போனார். பயணிகள் எல்லோரும் இறங்கி நின்றோம். மணி இரண்டு இருக்கும். கருவேலங்காடு. ஒரு வெளிச்சம் கிடையாது.

என் பக்கத்து இருக்கையில் ஓர் அப்பத்தா இருந்தார். இறங்கும்போதும் மடியில் இருந்த துணிப்பையைக் கீழே வைக்கவில்லை. இடுப்பில் குழந்தையைப் போலத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றார். “கீழ வைங்க அப்பத்தா, நான் பாத்துக்கறேன்” என்றேன். “விதைநெல்லுய்யா, தரையில வைக்கப்படாது” என்றார். மகளைக் கட்டிக்கொடுத்த ஊரில் அந்த வருஷம் வெள்ளாமை பொய்த்துவிட்டது. மருமகன் மாமியார் வீட்டில் வாய்விட்டுக் கேட்க மாட்டார். மகளும் சொல்லியனுப்பவில்லை. எப்படியோ காதுக்கு வந்த சேதியை வைத்துக்கொண்டு கிழவி கிளம்பிவிட்டார். நெல்லைக் கொண்டுபோய், ஊர்த் திருவிழாவுக்கு வந்த மாதிரி உட்கார்ந்திருந்துவிட்டு, வரும்போது பையை மறந்துவைத்துவிட்டு வந்துவிடுவதாகத் திட்டம். “மறந்துட்டுப் போயிட்டாகன்னு அவரே எடுத்து வெதைச்சுக்குவாருல்ல? கொடுத்தாத்தான்யா கௌரவம் கொறையும்.”

“இது எந்த ஊரு தம்பி?” என்று நடுவில் ஒருமுறை கேட்டார். தெரியவில்லை என்றேன். “பேரு தெரியாத ஊர்ல கால ஊன்றோம். விடியட்டும், யாருகிட்டயாச்சும் கேட்டுக்க” என்றார். விடிவதற்குள் சக்கரம் வந்துவிட்டது. கேட்டுக்கொள்ளவில்லை. அந்த ஊரின் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. நான் எழுதி முதலில் அச்சான சிறுகதை, பையை மறந்துவைத்துவிட்டு வரும் அந்தக் கிழவியின் கதைதான். ஆனால் அதை எழுத எனக்கு எட்டு வருஷம் ஆயிற்று. அதற்குள் எனக்கும் திருமணம் ஆகி, வாய்விட்டுக் கேட்காத ஒரு மருமகனாக நானும் இருந்து பார்த்த பிறகுதான் அந்தப் பையின் கனம் புரிந்தது.

அவர் ஏன் என்னிடம் அதைச் சொன்னார்? தன் ஊரில் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். சொன்னால் மறுநாளே மருமகன் காதுக்குப் போய்விடும். நான் மாட்டுத்தாவணியில் இறங்கி என் வழியைப் பார்த்துப் போய்விடுவேன். பஸ்ஸிலும் ரயிலிலும் “எந்த ஊரு, யாரு வீட்டுப் புள்ள” என்று தொடங்குகிற பேச்சு பத்து கிலோமீட்டருக்குள் அண்ணன் தம்பி பாகப் பிரிவினைக்கு வந்துவிடுவதற்கு இதுதான் காரணம். இறங்கிப் போய்விடப்போகிறவர் என்பதாலேயே நம் ஜனங்கள் மனசைத் திறந்துவிடுகிறார்கள். எழுதுகிறவருக்கு நீண்ட பயணம் தருவதில் இதைவிடப் பெரியது வேறில்லை என்பது என் எண்ணம். மலையும் அருவியும் இரண்டாம்பட்சம்தான்.

போய்வந்தவர் சொல்ல, போகப்போகிறவர் கேட்பது நமக்குப் புதிதே அல்ல. நம் பழைய இலக்கியத்தில் அதற்கென்று ஒரு வகையே இருக்கிறது. ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் சரிபாதி, ஐந்து பாட்டுகள், ஆற்றுப்படைகள். வள்ளலிடம் பரிசு வாங்கித் திரும்பும் கலைஞன், எதிரே பசியோடு வரும் இன்னொரு கலைஞனை நிறுத்தி வழி சொல்கிறான். சிறுபாணாற்றுப்படையின் வழி நம்மில் பலர் வண்டியில் போகிற வழிதான். ஓய்மான் நாட்டு நல்லியக்கோடனின் கிடங்கில், இன்றைய திண்டிவனத்தை ஒட்டி இருந்தது. அங்கே போகிற வழியில் எயிற்பட்டினம். அது மரக்காணம் பக்கம் என்பார்கள். அந்தக் கடற்கரையில் பரதவர் வீட்டில் சுட்ட உலர்மீன் கிடைக்கும், அடுத்து வேலூரில் எயினர் வீட்டில் புளிச்சோறும் இறைச்சியும் கிடைக்கும், ஆமூரில் உழவர் வீட்டில் கைக்குத்தல் வெள்ளரிசிச் சோறும் நண்டுக் குழம்பும் கிடைக்கும் என்று அந்தப் பாணன் அடுத்தவனுக்குச் சொல்லிக்கொண்டே போகிறான். நிலம் மாற மாறச் சோறு மாறுகிறது. மலைபடுகடாமோ செங்கண்மாத்து நன்னனிடம் போகிற மலைவழி. தினைக்காவலர்கள் யானை விரட்ட எறியும் கவண்கல் எங்கே வரும், எந்தப் பாறை வழுக்கும் என்று அதில் எச்சரிக்கை. நாக்பூர் தாபாவைப் பற்றி ஓர் ஓட்டுநர் இன்னோர் ஓட்டுநருக்குச் சொல்வதும் இதே மாதிரிதான் இருக்கும்.

நாவலுக்கு வந்தால், தமிழில் மிக அதிகம் பேர் படித்த ‘பொன்னியின் செல்வ’னே ஒரு சாலைக் கதையாகத்தான் தொடங்குகிறது. ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரை மேல் வருகிறான் வந்தியத்தேவன். காஞ்சியில் வாங்கிய ஓலைகளைத் தஞ்சைக்கும் பழையாறைக்கும் கொண்டுசேர்க்க வேண்டும். இரவு தங்கக் கடம்பூர் மாளிகைக்குப் போகிறான், அங்கே சதியைக் கேட்கிறான். குடந்தை ஜோதிடர் வீட்டில் நுழைகிறான், அங்கே இன்னொரு முடிச்சு. அவன் எங்கும் நிற்காமல் குதிரையை விரட்டியிருந்தால் ஐந்து பாகமும் கிடையாது. கல்கி, ஓவியர் மணியத்தை அழைத்துக்கொண்டு இலங்கை வரை இடங்களை நேரில் போய்ப் பார்த்து எழுதியவர். தி. ஜானகிராமனும் சிட்டியும் குடகில் தொடங்கிக் கடலோடு சேரும் இடம் வரை காவிரியைத் தொடர்ந்து போய், ‘நடந்தாய் வாழி, காவேரி’ எழுதினார்கள். ஜானகிராமனின் கதைகளில் ஆறு ஓடுவதை ரசித்தவர்கள் அதையும் தேடிப் படியுங்கள்.

மறுபடி வெளிநாட்டுக்குப் போனால், கொலம்பிய எழுத்தாளர் காப்ரியேல் கார்சியா மார்க்வெஸ் பற்றிய கதையை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 1965இல் மெக்சிகோ சிட்டியிலிருந்து அகாபுல்கோ கடற்கரைக்கு மனைவி மெர்சிடஸ், இரண்டு பையன்களோடு காரில் போய்க்கொண்டிருந்தார். வழியில் ‘நூறு ஆண்டுகளின் தனிமை’யின் முதல் வரி மனதில் வந்து நின்றது. அங்கேயே வண்டியைத் திருப்பிவிட்டார் என்று ஒரு கதை. விடுமுறையை முடித்துவிட்டு வந்துதான் எழுத உட்கார்ந்தார் என்று இன்னொன்று. அவரே இரண்டு மூன்று விதமாகச் சொல்லியிருக்கிறார். எப்படியானாலும், பிறகு ஒன்றரை ஆண்டு வீட்டைவிட்டு நகராமல் எழுதினார். வீட்டுச் சாமான்களை மெர்சிடஸ் அடகுக்கடைக்கு அனுப்பிக் குடும்பத்தை ஓட்டினார். 1967இல் நாவல் வந்தது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. அந்த நாவலை எழுத அவர் இருபது வயதை ஒட்டியே முயன்றிருந்தார், வரவில்லை. அந்தச் சாலையில் அவருக்குக் கிடைத்தது சொல்லும் குரல். சின்ன வயதில் பாட்டி பேய்க் கதைகளை முகம் மாறாமல் நடந்த விஷயம் போலச் சொல்வாரே, அதே குரலில் சொல்ல வேண்டும் என்று அப்போதுதான் தெளிந்ததாகச் சொல்லியிருக்கிறார். பாட்டியிடம் கேட்டது முப்பது வருஷம் உள்ளே கிடந்து, கார் ஓடிக்கொண்டிருக்கும்போது மேலே வந்திருக்கிறது. அதற்கும் நான்கு ஆண்டு முன்னால், 1961இல், நியூயார்க்கில் வேலையை விட்டுவிட்டுக் கைக்குழந்தையோடு கிரேஹவுண்ட் பஸ் ஏறி அமெரிக்காவின் தென்மாநிலங்கள் வழியாக மெக்சிகோவுக்குப் போனார் அவர். அமெரிக்க எழுத்தாளர் ஃபாக்னர் எழுதிய மண்ணைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசை. புழுதி படிந்த அந்த ஊர்கள் தன் சொந்த ஊரான அரகடாகாவைப் போலவே இருக்கக் கண்டார். மெக்சிகோக்காரர்கள் என்று எண்ணி அவர்களுக்கு விடுதியில் அறை தர மறுத்த ஊரும் அந்த வழியில் இருந்தது.

இளம் எழுத்தாளர்கள் என்னைப் பார்க்க வரும்போது, பயணம் பற்றிப் பேச்சு வந்தால் அமெரிக்க எழுத்தாளர் ஜாக் கெரவக் பெயரைச் சொல்கிறார்கள். 1951 ஏப்ரலில் மூன்றே வாரத்தில், ஒட்டிய தாள்சுருளில் அவர் ‘ஆன் தி ரோட்’ நாவலைத் தட்டச்சு செய்தது உண்மை. அந்தச் சுருளின் நீளம் சுமார் 120 அடி. அதற்கு முன் சில ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்றி, குறிப்பேடு குறிப்பேடாக எழுதிவைத்திருந்ததும் உண்மை. அச்சாக ஆறு ஆண்டு ஆனதும் உண்மை. மூன்று வாரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று அவர்களிடம் சொல்வேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். ஸ்டைன்பெக் 1960இல், 58ஆவது வயதில், சார்லி என்ற தன் நாயைக் கூட்டிக்கொண்டு, ரோசினாந்தே என்று பெயர் சூட்டிய வண்டியில் அமெரிக்காவைச் சுற்றிவந்து ‘ட்ராவல்ஸ் வித் சார்லி’ எழுதினார். எனக்கு மிகவும் பிடித்த புத்தகமாக இருந்தது. ஐம்பது ஆண்டு கழித்து ஒரு பத்திரிகையாளர் அதே தடத்தில் போய்ச் சரிபார்த்தபோது, தனியாக முகாமிட்டதாக எழுதிய பல இரவுகளில் அவர் விடுதியில் இருந்ததும், பல நாள் மனைவி உடன் இருந்ததும் தெரியவந்தது. சந்தித்ததாக எழுதிய சிலர் கற்பனை மனிதர்களாகவே இருக்கக்கூடும். நாவலாசிரியர் மனசு அப்படித்தான் வேலை செய்யும், புரிகிறது. ஆனாலும் பயண நூல் என்று போட்டுக் கொடுத்தால் வாசகர் அதை நம்பித்தான் வாங்குகிறார். கற்பனை கலந்தால் கதை என்று போட்டுவிட வேண்டும். நம் இதழுக்குப் பயணக் கட்டுரை அனுப்புகிறவர்களும் இதை மனதில் வைக்க வேண்டுகிறேன்.

இன்றைய சாலைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான்கு வழிச் சாலை வந்தபின் ஊர்கள் எல்லாம் பைபாஸுக்கு வெளியே போய்விட்டன. சென்னையில் ஏறினால் மதுரையில்தான் இறங்குகிறோம். நடுவில் பார்ப்பது சுங்கச்சாவடி, ஒரே மாதிரியான ஓட்டல்கள். பிரசவத்துக்குப் போகிறவர்களுக்கும் ஆம்புலன்ஸுக்கும் அந்த வேகம் பெரிய வரம். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கதை எழுத நினைப்பவர்கள் மட்டும் ஓர் இடத்திலாவது ‘ஊருக்குள் செல்லும் வழி’ என்ற பலகை பார்த்துத் திரும்புங்கள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க் கடையில் ஒரு டீ சொல்லுங்கள். செல்போனைப் பையில் போடுங்கள். பக்கத்தில் இருப்பவர் தானாகவே கேட்பார், “எந்த ஊரு தம்பி?” என்று.

சங்ககிரிச் சகோதரிக்கு: அம்மா, உங்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான். உங்கள் வீட்டுக்காரருக்கு 22 வருஷமும் கதை வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. கையில் ஸ்டியரிங் பிடித்தவர் பேனா பிடிக்க முடியாது. சாலையில் கண் வைத்திருக்க வேண்டும், டெலிவரி நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும், செக்போஸ்ட்டில் பதில் சொல்ல வேண்டும். டாம் காலின்ஸ் பார்த்த வேலையைத்தான் நீங்கள் அந்த நோட்டுத் தாளில் பார்த்திருக்கிறீர்கள். “சாப்டாச்சா” என்ற ஒரு வார்த்தையை நாக்பூரிலிருந்து சங்ககிரிக்கும், சங்ககிரியிலிருந்து என் மேஜைக்கும் கொண்டுவந்து சேர்த்துவிட்டீர்கள்.

அடுத்த முறை அவர் வந்து, குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் தூங்கி எழுந்தபிறகு பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். போன வழியில் எங்கே சமைத்தீர்கள், யார் உப்புக் கொடுத்தார்கள், எந்த ஊரில் மழைக்கு ஒதுங்கினீர்கள் என்று கேளுங்கள். ஊர்ப் பெயரை மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவர் பேசுகிற மாதிரியே எழுதுங்கள். பிழை இருந்தால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். உங்கள் இருவர் பெயரையும் போட்டு வெளியிடுகிறோம்.

மற்ற வாசகர்களையும் இதையே கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் லாரி ஓட்டுகிறவர், பஸ் நடத்துநர், மருந்துக் கம்பெனிப் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர், கதிர் அறுக்கும் இயந்திரத்தோடு மாவட்டம் மாவட்டமாகப் போகிறவர் யாராவது இருந்தால், அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதி அனுப்புங்கள். ஒரு பக்கம் போதும். வருகிற ஒவ்வொரு கடிதத்தையும் நானே படிப்பேன்.

அன்புடன்,
ஆசிரியர்